எங்களிடம் இருப்பவை மட்டும்

போன மாதம் என்னை ஆயர் குரோவில் ஓர் ஓட்டலுக்கு அழைத்து, மேடையில் உட்கார வைத்து, மாலை போட்டு, பத்து நிமிடம் பேசச் சொன்னீர்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவ நூலகர்களுக்கு மூத்தவரின் அனுபவ உரை என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தீர்கள். நானும் சமர்த்தாக மூன்று விஷயம் சொன்னேன். மருத்துவர்களிடம் சிரித்த முகமாக இருங்கள். நகலெடுக்கும் இயந்திரத்தை நம்பாதீர்கள். புத்தகத்தைத் திருப்பித் தராதவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் விடாதீர்கள். நீங்களும் கைதட்டினீர்கள். மீ கோரேங் சாப்பிட்டுவிட்டு புக்கிட் பெருவாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. இருபத்தொன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் சொல்ல வேண்டியது இதுதானா?

மேடையில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உங்கள் பயிற்சிக் கோப்பில் சேர்ப்பதென்றால் சேருங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். படித்துவிட்டு மாலையைத் திருப்பிக் கேட்டாலும் தருகிறேன். வாடிப்போய் ஃபிரிட்ஜ் மேல்தான் கிடக்கிறது.

நான் வேலை செய்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நூலகம் இரண்டாம் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அலமாரிகள். இன்னொன்றில் மூன்று கணினிகள், என் மேசை, ஒரு தொலைபேசி. நூலகர், உதவியாளர், தூசி தட்டுபவர் எல்லாம் நான் ஒருத்திதான்.

கணினியில் தேடும் வசதி வந்த புதிதில் எல்லாரும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். உலகத்தின் எந்த மூலையில் எந்த மருத்துவ இதழில் கட்டுரை வந்தாலும், அதன் தலைப்பும் பத்து வரிச் சுருக்கமும் திரையில் வந்துவிடும். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் மட்டும் அந்த இதழ் கையில் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரு சுவர் அளவுக்கு இதழ்கள். ஒரு மருத்துவர் இருபது தலைப்புகளை அச்செடுத்துக்கொண்டு வருவார். அலமாரியில் இரண்டு இருக்கும். மிச்சத்துக்கு ஃபாரம் எழுதி கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டுரை வந்து சேருவதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் போய்ச் சேர்ந்திருப்பார். ஓர் அறுவை மருத்துவர் அந்த ஃபாரத்தை என் மேசையில் வீசி, இல்லாத சாப்பாட்டுக்கு ஏன் மெனு கார்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் அந்த ஃபாரத்தை எடுத்து மற்றவற்றோடு அடுக்கினேன்.

இதில் மாத அறிக்கை வேறு. அதில் மூன்று நிரல்கள். கேட்டது, கொடுத்தது, கொடுக்க முடியாதது. எங்கள் பிரிவுத் தலைவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மருத்துவ இதழுக்கும் சுவர் நாள்காட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்றாவது நிரல்தான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதில் விரலை வைத்து, "தனம், இது மட்டும் ஏன் இப்படி நீண்டுக்கிட்டே போகுது?" என்பார். ஏதோ நான் கட்டுரைகளை வீட்டில் ஒளித்து வைத்திருப்பது போல எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்படி இருந்தபோதுதான் அந்தச் சதுரத்தைக் கண்டுபிடித்தேன். தேடல் பக்கத்தின் கீழே, ஓரமாக, சின்னக் கட்டம். பக்கத்தில் "எங்கள் நூலகத்தில் உள்ள இதழ்கள் மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நம்மிடம் இருக்கும் இதழ்களின் பட்டியலை ஒருமுறை ஏற்றிவிட்டு அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் போதும், நம் அலமாரியில் இருப்பது மட்டும்தான் திரையில் வரும். வந்ததெல்லாம் இருக்கும், இல்லாதது வரவே வராது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்தக் கட்டம் கெட்டதல்ல. மத்தியான கிளினிக்குக்கு முன் எதையாவது படித்துவிட்டுப் போகலாம் என்று ஓடி வரும் மருத்துவருக்கு அது பெரிய உதவி. முதலில் நானும் அப்படித்தான் பயன்படுத்தினேன், கேட்பவர்களுக்கு மட்டும், சொல்லிவிட்டு. பிறகு ஒரு திங்கட்கிழமை மூன்று கணினிகளிலும் அந்த டிக்கை நிரந்தரமாகப் போட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அறிவிப்பு ஒட்டவில்லை. அதைத்தான் நான் செய்தேன்.

ஒரே மாதத்தில் மருத்துவர்கள் என்னைப் பாராட்ட ஆரம்பித்தார்கள். தேடுகிறார்கள், வருகிறது, அலமாரிக்குப் போகிறார்கள், இருக்கிறது. மூன்றாவது நிரலில் எழுத ஒன்றும் இல்லை. கூட்டத்தில் தலைவர் அந்தக் காலியான இடத்தில் விரலை வைத்து, எல்லாரும் தனத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நானும் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு ஆண்டு இறுதியிலும் செலவைக் குறைக்க வேண்டும் என்று சில இதழ்களுக்குச் சந்தாவை நிறுத்துவார்கள். நான் பட்டியலிலிருந்து அவற்றை எடுப்பேன். அதனால் திரையில் வருவது இன்னும் கொஞ்சம் குறையும். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் வந்ததெல்லாம் இருந்தது. அலமாரி காலியாகக் காலியாக எங்கள் அறிக்கை அழகாகிக்கொண்டே போனது.

நான் சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். அவரிடம் மூன்று புட்டிகள். தலைவலி, வயிற்றுவலி, பாம்புக்கடி, எது என்றாலும் அந்த மூன்றுக்குள் அடங்கியாக வேண்டும். அடங்காத நோயோடு வந்தவரை, உனக்கு ஒன்றும் இல்லை, வேலைக்குப் போ என்பார். என் அப்பாவையும் அப்படித்தான் அனுப்பினார், அப்பா அந்த வருடமே போய்விட்டார். அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வளர்ந்து, படித்து, மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து, கணினியில் நானும் அதே வேலையைத்தான் செய்தேன். என்ன, நான் ஏசி அறையில் இருந்துகொண்டு செய்தேன்.

இப்போது பவானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவானி எங்கள் மருத்துவமனையின் தொலைபேசி ஆப்பரேட்டர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இருபது வருடத்துக்கு மேல் காதில் ஹெட்போனோடு கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தவர். நூலகத்துக்கு நேரடி எண் கிடையாது. சிறப்பு மருத்துவர்களின் கிளினிக் தனிக் கட்டடம். அங்கிருந்து எனக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் பவானி கையால்தான் வரும். ஒரு நாளைக்குப் பத்து முறை அவர் குரலைக் கேட்பேன். குரலை வைத்தே மருத்துவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று எனக்கு முன்கூட்டியே எச்சரிப்பார். "மிஸ், பெரியவரு லைன்ல இருக்காரு. இன்னிக்குக் காத்து சரியில்ல, பாத்துப் பேசுங்க" என்பார். நூறு ஊழியர்களின் எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தார். யார் இருமினாலும் யார் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் அவருடைய பிழைப்பு. கணவர் இல்லை, ஒரே மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலேகால் மணிக்கு பவானி அழைத்தார். கிளினிக்கிலிருந்து டாக்டர் ஹேமா பேசுகிறார், கொடுக்கவா என்று கேட்டார். வழக்கமாகச் சொல்லும் கேலி எதுவும் அன்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

டாக்டர் ஹேமா பயிற்சி முடித்துச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத சின்னப் பெண். நிபுணருக்குக் கீழே வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரு நோயாளி. மூட்டு வீக்கத்துக்காக ஒரு மாத்திரையைப் பல மாதமாகச் சாப்பிட்டு வரும் பெண்மணி. கொஞ்ச நாளாகக் காதுக்குள் ரீங்காரம், கேட்பதும் மந்தமாகிறது. மாத்திரைதான் காரணமோ என்று ஹேமாவுக்குச் சந்தேகம். நிபுணரோ அதெல்லாம் இல்லை, வேலை அப்படி, வயதும் அப்படி என்று சொல்லிவிட்டார். "அக்கா, எங்கயாவது ஒருத்தராவது இதப் பத்தி எழுதியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க. ஒரு பேப்பர் இருந்தாலும் போதும், நாளைக்கு ரவுண்ட்ஸ்ல பெரியவர்கிட்ட காட்டி மாத்திரைய மாத்திடுவேன்" என்றாள். நோயாளியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

லைனைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டுத் தேடினேன். மாத்திரையின் பெயர், காதுக்குள் ரீங்காரம், கேட்கும் திறன் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்று விதமாகத் தேடினேன். மூன்றிலும் ஒன்றும் வரவில்லை. டிக் போட்டது போட்டபடி இருந்தது.

தொலைபேசியை எடுத்து, "நல்லாத் தேடிட்டேன் டாக்டர். எங்கயுமே இல்ல" என்றேன்.

ஹேமா, சரி அக்கா, நன்றி என்று வைத்துவிட்டாள். நான் அறிக்கையில் கேட்டது ஒன்று என்று எழுதினேன். இல்லாத கட்டுரையைக் கொடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாதே, அதனால் மூன்றாவது நிரல் காலியாகவே இருந்தது. ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு பாசாருக்குப் போய்க் கீரை வாங்கினேன். நூலகம் சொன்ன ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

நூலகமே தேடி இல்லையென்றுவிட்டது என்று நிபுணர் ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னாராம். மாத்திரை தொடர்ந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

அடுத்த வாரங்களில் எனக்குத் தவறான அழைப்புகள் வர ஆரம்பித்தன. மருந்தகத்துக்குப் போக வேண்டியது என்னிடம் வரும். என்னைக் கேட்டவரைப் பவானி இரத்த வங்கிக்கு அனுப்பியிருப்பார். நான் ஒன்று சொன்னால் பவானி, "இன்னொரு தரம் சொல்லுங்க மிஸ்" என்பார். ஒரு நாளில் மூன்றாவது தடவையாக அப்படிக் கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருவர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவசரமாக ஒரு பக்கத்தின் நகல் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்கிறார், இங்கே இந்த அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

"பவானிக்கா, காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இல்ல மிஸ். உள்ள ஒரே சத்தமா இருக்கு" என்றார்.

அவர் அறையில் ஏதோ ரிப்பேர் வேலை நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். தொலைபேசியை வைத்துவிட்டேன். மருத்துவ நூலகர்! ஒரு நாளைக்கு நூறு நோய்களின் பெயரைத் தட்டச்சு செய்கிறவள். காதுக்குள் ரீங்காரம் என்ற சொல்லை மூன்று விதமாகத் தேடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பொறி தட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் ஹேமா நூலகத்துக்கு நேரிலேயே வந்தாள். கோலாலம்பூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தாளாம். மனம் கேட்காமல் அங்கே உள்ள நூலகத்தில் அதே சொற்களைப் போட்டுத் தேடியிருக்கிறாள். கையில் இருந்த தாள்களை என் மேசையில் வைத்தாள். வீசவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். மாத்திரையின் பெயரும் காது கேளாமையும் ஒரே தலைப்பில் இருந்தன, ஒன்றல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாக. எல்லாம் நான் தேடுவதற்கு முன்னாலேயே அச்சானவை. ஒன்றுகூட எங்கள் பட்டியலில் இருந்த இதழ் இல்லை.

நான் கணினியின் பக்கம் திரும்பி, அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டுத் தேடினேன். அவள் கையில் இருந்த அதே தலைப்புகள் அதே வரிசையில் வந்தன. பக்கத்திலேயே சுருக்கம். அந்தச் சுருக்கத்தின் நாலாவது வரியில் எல்லாம் இருந்தது. முழுக் கட்டுரை தேவையே இல்லை. கோலாலம்பூருக்கு ஃபாரம் தேவையில்லை. அந்தப் பத்து வரியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

"'நூலகத்தில் தேடியாச்சு, எங்கும் பதிவில்லை'ன்னு பேஷண்ட் ஃபைல்ல என் கையெழுத்துல எழுதி வச்சிருக்கேன் அக்கா" என்றாள் ஹேமா. அவள் அழவில்லை, நான்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மாத்திரையை நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்டேன். போன வாரமே நிறுத்தியாயிற்று, ஆனால் போன காது திரும்பவில்லை, திரும்பும் என்று சொல்லவும் முடியாது என்றாள். யார் அந்த நோயாளி என்று நான் கேட்கவில்லை. அவளே, கீழே ஆப்பரேட்டர் அறையில் புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்களே, கவனிக்கவில்லையா என்று கேட்டாள்.

கவனித்திருந்தேன். பவானி லீவில் போயிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

விசாரணை நடந்தது. விசாரணை என்றால் நீங்கள் நினைப்பது போல ஒன்றுமில்லை, தலைவர் அறையில் நாலு பேர், தேத்தண்ணி, பிஸ்கட். என்னை எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கட்டத்தில் டிக் இருந்ததைக் கவனிக்க மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதை வாசித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். மறதி எல்லாருக்கும் வருவதுதான், தனம் எவ்வளவு நாள் உழைத்தவர் என்றார். கவனக்குறைவு என்று கோப்பில் பதிவானது. இனிமேல் தேடும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் பூசி மெழுகினோம், நானும் கரண்டி பிடித்தேன்.

பவானியை மருத்துவப் பதிவேடுகளை அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்று தலைவர் ஏதோ சலுகை கொடுத்தது போலச் சொன்னார். நாலு மாதத்தில் பவானி வேலையை விட்டுவிட்டார். எனக்கு அந்த ஆண்டு சிறந்த சேவைக்கான சான்றிதழ் கிடைத்தது. அதற்கான மதிப்பீடு விசாரணைக்கு முன்பே முடிந்துவிட்டதாம், மாற்ற முடியாதாம். மேடையில் போய் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கினேன்.

அறிவுரை வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலத்தில் அலமாரி இல்லை, எல்லாம் திரையில்தான். ஆனால் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. முழுக் கட்டுரை உள்ளவை மட்டும், நாம் சந்தா கட்டியவை மட்டும், இலவசமானவை மட்டும் என்று வேறு வேறு பெயரில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன் உங்கள் கை தானாக அதன்மேல் போகும். போடுங்கள், தேவையான இடத்தில் போடுங்கள். ஆனால் எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். இல்லை என்று சொல்லும்போது எங்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களிடம் இல்லை என்று சொன்னால் மருத்துவர் கத்துவார், நாலு வார்த்தை திட்டுவார், போய்விடுவார். திட்டு வாங்குவதற்கும் சேர்த்துத்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மேடையாக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன். கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது, அது பவானியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வேலையை விட்டுப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்க்கப் போனேன். குருபோங்கில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. மணியை அடித்துவிட்டு வெயிலில் நின்றேன். மகள்தான் வந்து கேட்டைத் திறந்தாள். உள்ளே பவானி நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் சத்தமே வைக்கவில்லை. தெருவில் ஒரு பெரிய லோரி வீடே அதிரும்படி போனது. நான் திரும்பிப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மிஸ்" என்றார். குரல் பெரிதாக இருந்தது. இருபது வருடம் அளந்து அளந்து பேசிய குரல். மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் இருந்தன. வருகிறவர்கள் அதில் எழுதினால் அவர் வாசித்துவிட்டுப் பேசுவார். முந்தைய பக்கங்களில் மகளின் கையெழுத்தில், மீன் வாங்கவா, கரண்டு பில் வந்திருக்கு, ஆறு மணிக்கு வந்துடுவேன் என்றெல்லாம் இருந்தது. மகள் தேத்தண்ணி கலக்கப் போனாள்.

நான் பேனாவை எடுத்தேன். நலமா என்று கேட்க வந்தவள் இல்லை நான், மன்னிப்புக் கேட்க வந்தவள். வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்ததை எழுதினேன். அன்றைக்கு டாக்டர் ஹேமா கேட்டபோது கணினியில் ஒரு கட்டத்தில் டிக் இருந்தது, அதை எடுக்க மறந்துட்டேன், என்னை மன்னிச்சிடுங்க என்று எழுதி நோட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

பவானி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு லைன நான் வைக்கல மிஸ்" என்றார். "ஆப்பரேட்டர் ஒட்டுக் கேக்கக் கூடாது, தெரியும். இத்தனை வருஷத்துல அந்த ஒரு தடவதான். டாக்டரம்மா என்னப் பத்திதான் கேக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

"மாத்திரையாலதான்னு எனக்கே ஒரு பயம். யார்கிட்டயும் சொல்லாம மூணு நாளா போடாம வச்சிருந்தேன். நீங்க நல்லாத் தேடிட்டேன், எங்கயுமே இல்லன்னு சொன்னீங்க. தனம் மிஸ் தேடி இல்லன்னா இல்லதான்னு அன்னிக்கே எடுத்துப் போட்டுக்கிட்டேன்." டிவி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு எனக்கு நல்லாக் கேட்டுச்சு மிஸ்."

அவர் கையில் மூன்று நாள் மாத்திரை மிச்சம் இருந்திருக்கிறது. அவர் உடம்பு அவரிடம் சொல்லியிருக்கிறது, அவரும் கேட்டிருக்கிறார். அதை வேண்டாமென்று மாற்றியது என் குரல். அந்த நோட்டில் மறந்துட்டேன் என்ற சொல் எனக்கும் அவருக்கும் நடுவில் நீல மையில் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலைவருக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. இவருக்குப் போதாது.

நான் மறக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று முறை தேடி ஒன்றும் வராதபோது என் கை அந்தக் கட்டத்துக்குத்தான் போனது. எடுத்தால் வேறு இதழ்களிலிருந்து தலைப்புகள் வரும். வந்தால் ஹேமா கட்டுரையைக் கேட்பாள். என்னிடம் இருக்காது. மூன்றாவது நிரலில் எழுத வேண்டும். அந்த வியாழக்கிழமை சான்றிதழுக்காக அறிக்கைகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அந்த மதிப்பீட்டு ஆண்டின் பதினோரு மாதமும் அந்த நிரல் காலியாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தேன்.

நோட்டை என் பக்கம் இழுத்து, மறந்துட்டேன் என்பதைக் குறுக்கே அடித்தேன். அதன் கீழே, மறக்கல, தெரிஞ்சேதான் விட்டேன் என்று எழுதினேன்.

பவானி வாசித்தார். அவர் உதடு அந்தச் சொற்களைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. "ஏன்?" என்று கேட்டார்.

சான்றிதழ் என்று எழுதினேன்.

அவர் அந்தச் சொல்லை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டை மூடி, பேனாவை மூடி, இரண்டையும் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி மிஸ். நீங்க கெளம்புங்க" என்றார்.

அவர் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியாது. சமையலறையிலிருந்து மகள் தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். பவானி கதவு வரைக்கும் வந்தார். வழியனுப்ப வருகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கேட்ட நல்லாச் சாத்திட்டுப் போங்க" என்றார். "சாத்துச்சா இல்லையான்னு எனக்குக் கேக்காது."

சாத்தினேன். கொக்கியைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.